மூன்றாம் பீடம்

சுங்கைப் பட்டாணி
2.4.2026

தம்பி சுகுமாரனுக்கு உன் அண்ணி குணவதி எழுதிக்கொள்வது.

மீரியில் நீயும் உன் பெண்சாதியும் பிள்ளையும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். என் சுகத்தை நீ கேட்க வேண்டாம். உன் அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. பதினாறாம் நாளுக்காவது வருவாய் என்று பார்த்தோம். நீ போனில் கைகூப்பின படம் ஒன்று அனுப்பினாய். அதன் பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ ஆடிக்கொண்டே இருந்தது. அப்பா செத்த பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் உன் அண்ணன் இருளப்பன். அவருக்கு நீ செய்த காரியம் ஆடுகிற பூ.

போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் எனக்குப் பேச வராது. அதனால்தான் கடிதம். வருஷா வருஷம் தீபாவளிக்கு நீ அனுப்பும் பார்சலின் மேல் முகவரி இருந்தது. அந்தப் பார்சலை நான் ஒரு தடவையும் பிரித்ததில்லை. உன் அண்ணன் பிரிப்பார், பார்ப்பார், அலமாரியில் வைப்பார். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. நடுவில் மடித்து வைத்துவிடாதே.

நம் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். கம்பெனிக்காரன் ரப்பர்ப் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தான். பிறகு செம்பனையும் வேண்டாம் என்று வீடு கட்டுகிறவனுக்கு நிலத்தை விற்றான். நாம் பிறந்து வளர்ந்த லயத்து வீடுகளை இரண்டே நாளில் தள்ளினார்கள். எங்களை டவுனில் அடுக்கு வீட்டின் நான்காம் மாடியில் கொண்டுவந்து வைத்தார்கள். தோட்டத்து இடுகாட்டை என்ன செய்தார்கள் தெரியுமா? மண்வாரி எந்திரத்தால் தோண்டி, கிடைத்ததைக் கிடைத்தபடி பெட்டியில் போட்டு, டவுன் இடுகாட்டில் ஒரே வரிசையில் புதைத்துவிட்டார்கள். உன் அப்பா அம்மா எந்தப் பெட்டியில் என்று உன் அண்ணன் கேட்டார். அங்கே நின்ற ஆள் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘ஏதாச்சும் ஒண்ணைக் கும்பிடுங்க அண்ணே, எல்லாம் உங்க தோட்டத்து ஆளுங்கதானே’ என்றானாம். நல்ல மனசு அவனுக்கு.

அந்த எந்திரம் பேய்மேட்டுப் பக்கம் போனபோதுதான் கூத்து தொடங்கியது. ஓடைக்கு மேலே, ஐந்தாம் நிரை மரங்களுக்குப் பின்னால், பழைய செங்கல் குவிந்து கிடக்குமே, அந்த மேடுதான். லயத்தில் யார் வீட்டில் அந்தக் கல் இல்லை? ராக்காயி அக்கா அடுப்பு வைத்தது அந்தக் கல்லில். சாக்கடைக்குக் கரை கட்டியது அந்தக் கல்லில். கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்ததும் அதே கல். அது பழங்காலத்துக் கோயில் என்று துரைக்குத் தெரியவில்லை, கணக்கெழுதும் கிராணிக்குத் தெரியவில்லை. பால் வெட்டுகிற எங்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டுமாம். இப்போது அங்கே வேலி போட்டு, மரத்தில் நடைபாதை போட்டு, வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். தோட்டத்து மக்கள் கல்லை எடுத்துப்போய்ப் பாழாக்கினார்கள் என்று அதில் மலாயில் எழுதியிருக்கிறதாம். அந்தப் பலகையைத் தினமும் துடைக்கிற வேலை எனக்கு.

ஆமாம், அங்கேதான் கூட்டுகிறேன். முதலில் உன் அண்ணன் புல்வெட்டப் போனார். பிறகு கூட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தோண்டின இடத்தை மூன்றாகப் பிரித்து நம்பர் கொடுத்திருக்கிறார்கள். பெரிய மேடு முதலாம் பீடம். அதன் பக்கத்தில் சுவர் மாதிரி இருப்பது இரண்டாம் பீடம். கொஞ்சம் தள்ளி, ஓடைச் சரிவில், மூன்று அடுக்காக ஏறி, நடுவில் கிழக்கு பார்த்த விளக்கு மாடம் வைத்துச் சின்னதாக ஒன்று இருக்கிறது. அதுதான் மூன்றாம் பீடம். அதற்குத் தனியாகக் கூரை, தனியாக விளக்கு, தனியாகப் பலகை. வருகிறவர்கள் அதிகம் படம் எடுப்பது அதைத்தான்.

அது நீ கட்டினது, தம்பி. நம் நளினியை வைத்த இடம்.

உனக்கே சிரிப்பு வரும். எனக்கு முதலில் வரவில்லை. அந்த வருஷ மழையில் ஓடை பெருகி இடுகாட்டுக்குப் போகிற பாதை முழுகிப்போனதால்தானே பிள்ளையைச் சரிவில் வைத்தோம். சிமெண்டு கேட்டுப் போன உன் அண்ணனை ஸ்டோர் கிராணி திருப்பி அனுப்பியதால்தானே நீ களிமண்ணைக் குழைத்துப் பேய்மேட்டுக் கல்லை அடுக்கினாய். சிமெண்டு ஒரு கரண்டி இருந்திருந்தால்கூட இவர்களுக்குத் தெரிந்திருக்கும். களிமண்ணும் பழைய கல்லும் மட்டும் என்பதால் ராஜா காலத்து வேலை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு கல்லைப் பெயர்த்து எங்கோ அனுப்பி வயசு பார்த்தார்கள். ஆயிரத்து நானூறு வருஷம் என்று வந்தது. என் மகளுக்கு ஏழு.

நீ கேட்பாய், ஏன் அண்ணி அப்போதே வாயைத் திறக்கவில்லை என்று. திறக்கப் போனேன். உன் அண்ணன் விடவில்லை. அப்பா அம்மாவின் பெட்டியைத் தேடி அலைந்த மனுஷன் அவர். ‘பேசாத குணவதி’ என்றார். ‘இது நம்ம புள்ளைன்னு சொன்னா நாளைக்கே பெட்டியில போட்டுடுவானுங்க. ராஜா கட்டினதுன்னு நெனச்சா கூரை போடுறான், வேலி போடுறான், காவலுக்கு ஆள் வைக்கிறான். நம்மால முடியுமா?’ என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மழை நனைக்காமல் பிள்ளை கிடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். மற்றவர்களுடைய புத்தியைப் பழிக்கிறேனே, எங்கள் புத்தி அந்த அளவில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருஷமாக இந்த ஊர் சனத்தைப் பார்க்கிறேன். பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். இறங்கினதும் கழிவறை எங்கே என்பார்கள். அது முடிந்ததும் குடிக்க எங்கே கிடைக்கும் என்பார்கள். அதுவும் முடிந்த பிறகு நடைபாதையில் வந்து நின்று கல்லைப் பார்த்துவிட்டு, ‘இவ்ளோதானா?’ என்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர், வெள்ளைக்காரர், யார் வந்தாலும் அவரவர் பாஷையில் இந்தக் கேள்வி ஒன்றுதான். கம்போடியாவுக்குப் போய் வந்த ஒரு அம்மாள், அங்கே கோயில் வானம் முட்ட இருக்கும், இங்கே முட்டிக்கால் வரைக்கும்தான் இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். முட்டிக்கால் உயரம் போதும் என்றுதான் என் கொழுந்தன் கட்டினான் என்று சொல்ல நாக்கு துடித்தது.

கல்யாணத்துக்கு முன்னாலேயே படம் பிடித்துக்கொள்கிற ஜோடி ஒன்று வந்தது. பெண் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தாண்டிப் போய், மூன்றாம் பீடத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் துடைப்பத்தோடு ஓடினேன். மாப்பிள்ளைப் பையன் என்னைப் பார்த்து, ‘ஆன்ட்டி, ஒரே ஒரு படம்தான் லா, கல்லு தேஞ்சா போயிடும்?’ என்றான். படக்காரன் என்னிடம், ‘கொஞ்சம் நகந்துக்குங்க ஆன்ட்டி, துடைப்பம் உள்ள வருது’ என்றான். நகர்ந்துகொண்டேன். அந்தப் பெண்ணுக்கு நூறு வயசு ஆயுசு இருக்கட்டும். ஆனால் அந்தப் படத்தை அவள் வீட்டில் மாட்டியிருப்பாள்.

எல்லாரையும்விட மேல் நம் ஆட்கள். டவுனில் நகைக்கடை வைத்திருக்கும் பசுபதி என்பவர் ஒரு தமிழ் மன்றத்துக்குத் தலைவராம். கப்பல் படம் போட்ட சட்டையில் நாற்பது பேரை அழைத்து வந்தார். மூன்றாம் பீடத்தின் முன்னால் நின்று கையை உயர்த்திப் பேசினார். ‘நம்ம முப்பாட்டன் கப்பல்ல வந்து கட்டினது இது. தமிழன் கை பட்ட கல்லு. இதைப் பார்த்தும் நெஞ்சு நிமிராதவன் தமிழனே இல்ல’ என்றார். தமிழன் கை பட்டதுதான். தோள் எலும்பு முறிந்து ஒரு கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இன்னொரு கையால் கல்லைத் தூக்கின தமிழன் கை. லயத்தைத் தள்ளின அன்றைக்கு நாங்கள் சட்டிபானையோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு இந்த முப்பாட்டன் பேரன் ஒருவனையும் காணோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த தமிழன் என்றால் இவர்களுக்கு உயிர். உயிரோடு இருக்கிறவன் என்றால் செத்தவன் மாதிரி.

பேசி முடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, கற்பூரம் ஏற்றினார். செங்கல் தூளை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருஷத்தில் என் பிள்ளைக்கு வெளியாள் ஒருவர் ஏற்றின கற்பூரம் அது ஒன்றுதான். அதற்காக அவரை மன்னித்தேன். வாழைப்பழத் தோலைப் பீடத்து ஓரத்திலேயே போட்டுவிட்டுப் போனதைப் பார்த்ததும் மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

யோகேந்திரன் என்று ஒரு பையன் இங்கே வழிகாட்டி. கல்யாணம் ஆனவன். வார நாளில் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஃபேக்டரி வேலை, சனி ஞாயிறு இங்கே. மூன்றாம் பீடத்துக்கு அவன் ஒரு கதை வைத்திருந்தான். புயலில் தப்பின வணிகன் ஒருவன் நன்றிக்காகக் கட்டினானாம். மாடத்தில் தங்க விளக்கு எரிந்ததாம். பால் டின்னை வெட்டி நீ செய்த விளக்கு, தம்பி. மூன்று மழைக்குத் துருப்பிடித்து உதிர்ந்துபோனது. தங்கம் என்றால் துருப்பிடிக்காது என்றுகூட யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பிள்ளையின் திதிக்கு வாசல் திறக்கும் முன்னால் போய் மாடத்தில் பால் ஊற்றுவேன். கல்லைத் தொடாதீர்கள் என்று பலகை இருக்கிறது. அதை நான்தான் துடைக்கிறேன் என்பதால் அது என்னை ஒன்றும் சொல்லாது. போன வருஷம் அந்தப் பால் கறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெள்ளை அங்கி போட்ட இரண்டு பேர் வந்து, குனிந்து, சுரண்டி, சின்னக் குப்பியில் போட்டு நம்பர் ஒட்டி எடுத்துப்போனார்கள். என்ன முடிவு வந்ததோ தெரியாது. ஒருத்தனாவது திரும்பிப் பார்த்து, நீ எதற்கம்மா இங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. கல்லிடம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ஆளிடம் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவும் வயிற்றெரிச்சல். சொல்ல வந்தது இனிமேல்தான்.

இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை, மூன்றாம் பீடத்தைத் திறக்கப்போகிறார்கள். இந்த மாதிரிப் பீடத்தின் அடியில் ஒரு பெட்டி இருக்குமாம். அதில் தங்கத் தகடு, மணி, இரும்பு எல்லாம் போட்டு வைப்பார்களாம். சுற்றுலா ஆண்டு என்பதால் எல்லாரும் பார்க்கத் திறக்க வேண்டுமாம். கூடாரம் போடுகிறார்கள். பெரிய மனுஷர்கள் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். பெட்டி தெரிகிற நேரத்தை அப்படியே போனில் நாடு முழுவதும் காட்டப்போகிறார்களாம்.

பெட்டி இருக்கிறது. அம்மாசி மாமா ரப்பர் அனுப்புகிற பலகையை அறுத்து ஆணியடித்துக் கொடுத்த பெட்டி. அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல இன்றைக்கு நீயும் நானும்தான் மிச்சம்.

சேதி கேட்ட அன்றே யோகேந்திரனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். ‘ஆன்ட்டி, சும்மாதானே சொல்றீங்க?’ என்றான். நான் சிரிக்கவில்லை. ‘அப்போ நான் மூணு வருஷமா சொன்ன கதை?’ என்றான். கதைதான் என்றேன். படியில் உட்கார்ந்துவிட்டான். ‘பாப்பா பேரு என்ன ஆன்ட்டி?’ என்று கேட்டான். இந்த மூன்று வருஷத்தில் அந்த இடத்தில் அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவனே என்னை அழைத்துக்கொண்டு, எல்லாரும் புவான் என்று மரியாதையாகக் கூப்பிடும் ரொஸ்னாவிடம் போனான்.

புவான் ரொஸ்னா தோண்டுகிற வேலைக்குப் பெரியவள். இத்தனை நாள் அவளையும் மற்றவர்களோடு சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். யோகேந்திரன் மலாயில் சொல்லச் சொல்ல, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவளும் இரண்டு பிள்ளை பெற்றவள். அவள் சொன்னது இதுதான். எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் மேலே இருப்பவர்கள் பரிசோதனைக் காகிதத்தைக் காட்டுவார்கள், கூட்டுகிற அம்மாள் சொல்வதை எடுக்க மாட்டார்கள். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இறப்புப் பத்திரத்தைக் கொடுத்தேன். அதில் எங்கே புதைத்தோம் என்று இல்லை. படம் இருக்கிறதா என்றாள். அன்றைக்கு யார் படம் எடுத்தார்கள்? குழிமேட்டில் நின்ற லயத்துச் சனத்தில் பெரியவர்கள் செத்துவிட்டார்கள், மற்றவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். கட்டினவர் உயிரோடு இருக்கிறாரா என்றாள். இருக்கிறான், கடலுக்கு அந்தப் பக்கம் என்றேன்.

அவர் வந்து சொல்லட்டும் என்றாள். கீழே எத்தனை வரிசை, எந்தப் பக்கத்தில் உடைந்த கல், மாடத்துக்கு அடியில் என்ன வைத்தார், எல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போடட்டும். ஒரு மூலையை மட்டும் நான் தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன், அவர் சொன்னபடி இருந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவேன் என்றாள். குடும்பத்து ஆட்கள் மட்டும் வந்து, கூட்டம் இல்லாமல், காலையில் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம் என்றாள். ஆனால் இருபதாம் தேதிக்குள் வர வேண்டும். அதற்குப் பிறகு அவள் கையில் இல்லை.

நீ கடைசி வரிசையை வைக்கும் முன்னால் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளே வைத்தாயாம். உன் அண்ணன் பார்த்திருக்கிறார். என்ன என்று அவர் உன்னைக் கேட்கவில்லை. எனக்கு அதைச் சொல்லவே அவருக்குப் பத்து வருஷம் ஆயிற்று. இப்போதும் நீ என்னிடம் சொல்ல வேண்டாம். புவானிடம் சொல், அவள் எழுதிக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. புதைத்த பிள்ளையை எடுக்கிறதென்றால் நம்மில் அப்பன் கைதான் முதல் மண் எடுக்க வேண்டும். அப்பன் இல்லாவிட்டால் சித்தப்பன் கை. டவுன் கோயில் பூசாரியிடம் கேட்டேன். அவருக்கு அடுத்து ஒரு வீட்டில் ஹோமம், அவசரம். ‘யாராச்சும் ஒரு ஆம்பளை எடுத்தாப் போதும்மா, இந்தக் காலத்துல இதெல்லாம் யாரு பார்க்குறா’ என்றார். நான் பார்க்கிறேன். கூலிக்கு வந்த ஆள் என் பிள்ளையின் மேல் மண்வெட்டி வைக்க நான் விட மாட்டேன். எடுத்து, முறைப்படி எரித்து, உன் அண்ணனைக் கரைத்த தஞ்சோங் டாவாய் கடலிலேயே கரைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். இத்தனை நாள் யாராரோ நின்று பார்த்த பிள்ளை. இனி அப்பாவோடு போகட்டும்.

நீ ஏன் வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். இது நான்காவது. தீபாவளிச் சட்டை வாங்க அவளை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகச் சொன்னது நான். பெடோங் ரோட்டு வளைவில் செம்மண் சேறு. எதிரே வந்த லாரிக்காரன் நிற்காமலே போய்விட்டான். நீ குடிக்கவில்லை. அதை ஆஸ்பத்திரித் தாதி அன்றைக்கே எங்களிடம் சொல்லிவிட்டாள். அது தெரிந்த பிறகுதான், குழிமேட்டில் நின்று, லயத்துச் சனம் அத்தனையும் கேட்க, எவ்வளவு குடித்தாய் என்று நான் உன்னைக் கேட்டேன். பதினாறு நாள் யாரோடும் பேசாமல் கல் அடுக்கினாய். பதினேழாம் நாள் காலையில் உன் பாய் சுருட்டி வைத்திருந்தது.

உன் அண்ணன் சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், ‘தம்பிக்கு எழுதிப் போடு’ என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். என்ன எழுத என்று கேட்டேன். ‘உனக்குத் தெரியும்’ என்றார். எனக்குத் தெரியும். அதை எழுதுகிற அளவுக்கு நான் படிக்கவில்லை.

அதனால் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். மீரியிலிருந்து கோலாலம்பூர் வந்து, அங்கிருந்து பினாங்குக்கு விமானம் மாறலாமாம். பினாங்கில் யோகேந்திரன் கார் எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். அவன் எண்ணை இந்தக் கடிதத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். நாள் சொன்னால் போதும். நம் வீட்டில் முன் அறையை உனக்காகக் கூட்டி வைத்திருக்கிறேன். உன் பெண்சாதியையும் அழைத்து வா. உன் மகளையும் கூட்டி வா, அவளுக்கு ஒன்பது வயசு என்று உன் அண்ணன் சொன்னார். நீ காரியத்துக்குப் போகிற நேரத்தில் அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போ. நான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று எழுதி அனுப்பு, அல்லது யோகேந்திரனிடம் சொல்.

நீ வரவில்லையென்றால் இருபத்தைந்தாம் தேதி நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பீடத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடுவேன். அது பயமுறுத்தல் இல்லை. எழுந்திருக்கச் சொன்னால் என்னைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். அதையும் நாடு முழுவதும் போனில் பார்க்கட்டும். ஆனால் எனக்கு வயசு அறுபது ஆகிறது, தூக்குகிறவர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது.

மாரியம்மன் உன்னையும் உன் குடும்பத்தையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் மகள் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும். மழைக் காலத்தில் உனக்குத் தோள் வலிக்குமோ என்னவோ, எண்ணெய் போட்டு நீவிக்கொள். மூடின கை உன்னுடையது. திறக்கிற கையும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று உன் அண்ணி உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். இதுவரைக்கும் உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்ட அந்த ஒன்றைத் தவிர.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அண்ணி குணவதி